வாக்குத்தத்த வசனத்தை ஒட்டுப்படமாக்கிய அனுபவம்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், வாக்குத்தத்த அட்டைகள் (தேவன் தரும் வாக்காக ஒரு வேத வசனம் எழுதிய அட்டைகள்) அடுக்கிய தட்டு ஒன்று எங்கள் சபையில் வாங்கு வாங்காக வரும். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். இந்த வருடம் என் கைக்கு வந்தது ஏசாயா 43:19. "இதோ, நான் புதிய காரியத்தைச் செய்கிறேன், இப்பொழுதே அது தோன்றும், நீங்கள் அதை அறியீர்களா? நான் வனாந்தரத்திலே வழியையும் அவாந்தரவெளியிலே ஆறுகளையும் உண்டாக்குவேன்."

ஒவ்வொரு வருடமும் அட்டையை வேதாகமத்துக்குள் வைத்துவிடுவேன். பிறகு அதை அடுத்த டிசம்பரில்தான் பார்ப்பேன். இந்தத் தடவை அப்படி வைக்க மனம் வரவில்லை. சின்ன வயதிலிருந்து தெரிந்த வசனம்தான். ஆனால் நான் மனப்பாடமாக வைத்திருந்தது முதல் பாதியை மட்டும். நடுவில் "நீங்கள் அதை அறியீர்களா?" என்று ஒரு கேள்வி இருப்பதை அன்று பஸ்ஸில் வரும்போதுதான் கவனித்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் இறங்கும்வரை அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் செய்கிறார், அது தோன்றுகிறது, நான் பார்க்கிறேனா?

ஏ.எல். (உயர்தரம்) படிக்கும்வரை சித்திரம் வரைந்தவள் நான். பிறகு கணக்கு வேலைக்கு வந்து, 20 வருடமாகப் பென்சில் பிடித்தது தொகை எழுதத்தான். இந்த வசனத்தைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வரைகிற கை இப்போது இல்லை, வெட்டி ஒட்டலாம். அப்படித்தான் இந்த வேலை தொடங்கியது. சபையில் இரண்டு பேரும் ஞாயிறு பாடசாலை ஆசிரியை ஒருவரும் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதால், பிழையாய்ப் போனது, சரி வந்தது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

வருடத் தொடக்கத்தில் பலர் தரிசனப் பலகை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். வாங்க வேண்டிய வீடு, போக வேண்டிய ஊர், குறைக்க வேண்டிய எடை என்று படங்களை ஒட்டித் தினமும் பார்ப்பார்கள். வீடு கேட்பது தவறென்று நான் நினைக்கவில்லை, நானும் ஜெபத்தில் கேட்டவள்தான். ஆனால் நம்முடைய மொழியில் தரிசனம் என்றால் நாம் திட்டம் போட்டு உண்டாக்குவதா? பக்கத்து வீட்டு அக்கா பம்பலப்பிட்டி கோயிலுக்குப் போய் வந்து, "நல்ல தரிசனம் கிடைச்சது" என்பார். கிடைப்பது அது. ஆபகூக் 2:2இலும் "நீ தரிசனத்தை எழுதி, அதை ஓடுகிறவன் வாசிக்கும்படி பலகைகளிலே தீர்க்கமாக வரை" என்றுதான் இருக்கிறது. தரிசனம் முதலில் காட்டப்படுகிறது, பலகை அதற்குப் பிறகு. ஆகவே எனக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் போடாமல், என் கண் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது என முடிவெடுத்தேன். இந்த முடிவைத் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டு, பாதி வழியில் நானே அதை மறந்த கதையும் வரும்.

முதல் ஆறு வாரம் சேர்க்கிற வேலை மட்டும். ஒரு பழைய பிஸ்கட் தகரத்தைக் கழுவிக் காயவைத்தேன். இரவு ஜெபம் முடிந்ததும் 10 நிமிடம் கத்தரிக்கோலும் கையுமாக இருப்பேன். ஞாயிறு வீரகேசரிப் பத்திரிகை, பழைய கலண்டர், கலியாண அழைப்பிதழ், சாமான் சுற்றி வந்த கடதாசி, சபை அறிக்கைத்தாள் எதுவானாலும் சரி. கண் நின்றால் வெட்டுவது, ஏன் என்று கேட்பதில்லை. ஒவ்வொரு துண்டின் பின்னாலும் பென்சிலால் திகதி மட்டும். சில நாட்களில் ஒன்றும் கிடைக்காது, அதுவும் சரி. தகரத்தைத் திறந்து பழையவற்றைக் கிளறிப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் பிடிவாதமாக வைத்துக்கொண்டேன். பார்த்தால் உடனே 'இதற்கு ஜோடியாக' என்று தேடத் தொடங்கிவிடுவோம்.

சாமான் வாங்கப் புறக்கோட்டைக்குப் போனேன். வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் நேராகப் போகலாம், ஆனால் சனிக்கிழமை காலி வீதி நெரிசலைவிட ரயில் நல்லது. கோட்டையில் இறங்கி நடந்தேன். பிரிஸ்டல் போர்ட் என்கிற தடித்த அட்டை ஏ2 அளவில் இரண்டு, வெள்ளைப் பசை ஒரு போத்தல், ஓர் அங்குலத் தூரிகை, பிளேட் கட்டர், பாடசாலைக் கொப்பிக்கு உறை போடுகிற பிரவுண் பேப்பர் ஒரு சுருள், நீலத்தில் மூன்று வகை டிசு பேப்பர். கடைக்கார ஐயா, "எதுக்குத் தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு, பிரிஸ்டல் போர்ட்டை வைத்துவிட்டு 3 மில்லிமீற்றர் ஹார்ட்போர்ட் எடுக்கச் சொன்னார். தூக்கிக்கொண்டு ரயிலில் வரக் கஷ்டம் என்று நான் எடுக்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி.

லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) தொடங்கிய முதல் சனிக்கிழமை ஒட்டத் தொடங்கினேன். தகரத்தைத் திறந்ததும் எனக்குள் அவசரம் புகுந்தது. சேர்த்த துண்டுகள் ஒன்றோடொன்று சேராத மாதிரித் தெரிய, அன்றைய பேப்பரில் இருந்த விளம்பரங்களை வெட்டினேன். யன்னல் நிறைய வெளிச்சமுள்ள வீடு, சிரிக்கிற குடும்பம், 'வெற்றி', 'வளம்' என்ற பெரிய எழுத்துகள். நடுவில் வசனத்தை ஒட்டினேன். மூன்று மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது.

அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "இது ஆற்றை வீடு, பிள்ளை?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த வீடு யாருடையது என்று எனக்கும் தெரியாது. வங்கி விளம்பரத்தில் இருந்த வீடு அது.

அன்று பின்னேரம் மழை வேறு. மார்ச், ஏப்ரலில் கொழும்பில் பின்னேர மழை வந்தால் வீட்டுக்குள் எதுவும் காயாது, அதோடு எங்கள் பக்கம் கடற்காற்றின் உப்பீரமும் சேரும். மறுநாள் ஆராதனைக்குப் போய் வந்து பார்த்தபோது பலகை நான்கு மூலையும் தூக்கி அப்பளம்போல வளைந்திருந்தது. பேப்பர் துண்டுகளில் கொப்புளம். சிரிக்கிற குடும்பத்தின் முகத்தில் மறுபக்கத்து மரண அறிவித்தல் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறித் தெரிந்தன. அப்பாவின் படத்தை வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்து ஒட்டியிருந்தேன். பசை ஈரத்தில் மை கரைந்து, முகம் நீலமாக வழிந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது. மூலப்படம் அல்பத்தில் பத்திரமாக இருந்தது என்பது மட்டும் ஆறுதல்.

ஏன் இப்படி ஆனது என்று தேடிப் படித்துப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கடதாசி ஈரம் குடித்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால், சுருங்குகிற கடதாசி அட்டையைத் தன் பக்கம் இழுத்து வளைக்கும். அதைச் சமன் செய்யப் பின்பக்கத்திலும் அதேயளவு கடதாசி ஒட்ட வேண்டும். பசையை நான் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் கரைத்திருந்தேன், அது மிக அதிகம். மூன்று பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் போதும், அதையும் அட்டையில் மெல்லிதாகப் பூசி, துண்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் தடவிக் காற்றை வெளியேற்ற வேண்டும். பேப்பர் படங்களை நேரடியாக ஒட்டவே வேண்டாம். மறுபக்கம் தெரிவதோடு, அந்தக் கடதாசியில் இருக்கிற லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டு ஒரு வருடத்துக்குள் மஞ்சளாக்கிவிடும். கடையில் கொடுத்து லேசர் பிரிண்ட் அல்லது போட்டோ கொப்பி எடுத்தால் இரண்டு பிரச்சினையும் தீரும். அந்த மை பொடியாகச் சூட்டில் பதிவது, ஈரத்தில் கரையாது. குடும்பப் படங்களுக்கும் இதே வழி.

இரண்டாவது தடவை பசைப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். தகரத்தில் இருந்ததை எல்லாம் தரையில் பாய் விரித்துக் கொட்டினேன். மொத்தம் 62 துண்டுகள். அவற்றை இனம் இனமாகப் பிரித்தபோதுதான் நான் ஆறு வாரமாக என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தெரிந்தது. 17 துண்டுகளில் கைகள். சுளகில் அரிசி புடைக்கிற கை, மீன் வெட்டுகிற கை, வலை பின்னுகிற கை, குழந்தையின் கையைப் பிடித்த கை, வெறுமனே மடியில் கிடந்த ஒரு முதியவரின் கை. முகங்கள் இரண்டே இரண்டு. ஒரு கையை வெட்டியபோது இன்னொரு கையை வெட்டியது எனக்கு நினைவில் இல்லை. பின்னால் இருந்த திகதிகளைப் பார்த்தால் ஜனவரி 6இலிருந்து தொடங்கியிருக்கிறது.

பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அன்று இரவு ஜெபம் என்று தனியாக ஒன்றும் செய்யவில்லை, அதுதான் ஜெபம். 20 வருடமாக என் கைகள் செய்யாமல் விட்டதை என் கண்கள் தேடியிருக்கின்றன. "நீங்கள் அதை அறியீர்களா?" என்றால், இல்லை ஆண்டவரே, நான் அறியவில்லை, 17 தடவை காட்டிய பிறகுதான் அறிந்தேன்.

யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசித்தேன். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் வேலைக்காகத் தேவன் பெயர் சொல்லி அழைத்த பெசலெயேலைத் தேவ ஆவியினால் நிரப்பினேன் என்று அங்கே சொல்கிறார். எதற்காக நிரப்பினார்? பொன், வெள்ளி, வெண்கல வேலைக்கு, கல் பதிப்பதற்கு, மரம் செதுக்குவதற்கு. எபிரேயத்தில் அந்தப் பெயருக்குத் தேவனின் நிழலில் என்று பொருள். கைவேலைக்கு ஆவியின் நிறைவு என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்? எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

இயேசுவின் முகம் ஒன்று வேண்டுமா என்று சில நாள் யோசித்தேன். வீட்டிலிருந்த கலண்டர் எல்லாவற்றிலும் அதே பொன்னிற முடி, அதே நீலக் கண். கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்துச் சுவரில் இலங்கை ஓவியர் டேவிட் பெயின்டர் வேதாகமக் காட்சிகளை இந்த மண்ணின் மனிதர்களை வைத்து வரைந்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகு கலண்டர் முகத்தை ஒட்ட மனம் இடம் தரவில்லை. முகத்தை விட்டுவிட்டேன். கைகள் இருக்கின்றன, போதும்.

வனாந்தரத்துக்குப் பிரவுண் பேப்பர். அதைப் பந்தாகக் கசக்கி, விரித்து, மறுபடி கசக்கினால் காய்ந்த நிலம் மாதிரிக் கோடு விழும். பலகையில் கீழ்ப்பாதி முழுவதும் அதுதான். முதல் பலகையில் வனாந்தரமே இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன், ஆற்றை மட்டும் கேட்டிருக்கிறேன். இடது மூலையில் கறுப்புக் கடதாசி ஒரு துண்டு வைத்தேன். அது 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த நாள். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன். சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலை முடித்து வந்த பிள்ளைகள் பலர். நானும் ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிறவள். உயிர்த்த ஞாயிறைப் பற்றி நான் என்ன செய்தாலும் அந்தத் துண்டு இல்லாமல் செய்ய முடியாது. அதன்மேல் எதையும் ஒட்டவில்லை.

ஆற்றுக்குத்தான் டிசு பேப்பர் வாங்கினேன். மூன்று நீலத்தையும் கிழித்து வைத்துப் பார்த்தால் பிறந்தநாள் சோடனை மாதிரி இருந்தது. அம்மா உள்ளே போய் ஒரு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்தார். 1983 கலவரத்துக்குப் பிறகு லண்டன் போன சின்ன மாமா அனுப்பிய ஏரோகிராம்கள், தாளே உறையாக மடிகிற விமானக் கடிதங்கள். மெல்லிய வெளிர்நீலக் கடதாசி, பழசாகி ஓரம் சாம்பல் படிந்திருந்தது. எனக்குத் தேவைப்பட்ட நிறம் அதேதான், ஆனால் கேட்க வாய் வரவில்லை. மாமா இப்போது இல்லை. எழுதாத பக்கத்தை மட்டும் எடுக்கலாமா என்று பார்த்தேன். அவர் மடிப்பு, ஓரம், ஒட்டுகிற நாக்கு எதையும் விடாமல் எழுதியிருந்தார்.

அம்மா ஒவ்வொன்றாக விரித்து வாசித்தார். சிலதை வாசித்து மறுபடி மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். ஒன்றை இரண்டு தடவை வாசித்தார். கடைசியில் ஒன்றை என் பக்கம் நீட்டினார். "இதில ஒண்டுமில்லைப் பிள்ளை. குளிர் எண்டு மட்டும்தான் எழுதியிருக்கிறான். இதைக் கிழி." முதல் கிழிசலை அம்மாவையே செய்யச் சொன்னேன். நீளவாக்கில், மெதுவாக, நடுங்காமல் கிழித்தார்.

கிழிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. எந்தக் கடதாசிக்கும் இழை ஓடுகிற திசை ஒன்று இருக்கும். அந்தத் திசையில் கிழித்தால் ஓரளவு நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். ஆற்றின் ஓட்டத்துக்கு நேர்க்கிழிசல், கரைக்குக் குறுக்குக் கிழிசல். கத்தரிக்கோலால் வெட்டிய ஓரம் கூர்மையாகத் தனியே தெரியும். கிழித்த ஓரம் பக்கத்துத் துண்டோடு கலந்து போகும். மாமா எழுதியது குமிழ்முனைப் பேனாவால், ஆனாலும் ஒரு மூலையில் ஈரப் பஞ்சை வைத்து மை ஊறுகிறதா என்று பார்த்துவிட்டே பசை தொட்டேன். மைப்பேனா எழுத்தாக இருந்திருந்தால் அப்பாவின் படத்துக்கு நடந்ததுதான் நடந்திருக்கும்.

பசை விஷயத்தில் அம்மாவுக்கும் எனக்கும் சின்ன இழுபறி. நட்சத்திரக் கூடு கட்ட அவர் காய்ச்சுகிற கோதுமை மாப் பசைதான் மெல்லிய கடதாசிக்கு நல்லது என்றார். இரண்டு மேசைக்கரண்டி மாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கோப்பைத் தண்ணீர் சேர்த்து, மெல்லிய நெருப்பில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிண்ட வேண்டும். பூச்சி வராமலிருக்கப் படிகாரம் ஒரு சிட்டிகை போடுவார். படிகாரம் அமிலத்தன்மை உள்ளது, கடதாசியை நாளடைவில் மஞ்சளாக்கும். போடாவிட்டால் ராமபாணப் பூச்சி மாவைத் தேடி வரும். கடைசியில் ஏரோகிராமுக்கு மட்டும் படிகாரமில்லாத மாப் பசை, மற்றதெல்லாம் வெள்ளைப் பசை. மாப் பசை மெதுவாகப் பிடிப்பதால் ஆற்றை நகர்த்தி நகர்த்தி வைக்க நேரம் கிடைத்தது. அதில் அம்மா சொன்னது முழுக்கச் சரி.

ஒட்டுவதற்கு முன் ஐந்து நாள் எல்லாவற்றையும் சும்மா அடுக்கி வைத்திருந்தேன். இந்தத் தடவை ஹார்ட்போர்ட்தான். போனில் படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் எங்கே இருள் கூடியிருக்கிறது, எங்கே வெளிச்சம் இல்லை என்று உடனே தெரியும், நிறம் கண்ணை ஏமாற்றாது. அப்படிப் பார்த்துத்தான் வலை பின்னுகிற கையை நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றினேன். மடியில் கிடந்த முதியவரின் கை நடுவுக்கு வந்தது. ஆறு அந்தக் கைக்குக் கீழாகப் போகிறது.

ஒட்டி முடித்துப் பின்பக்கமும் பிரவுண் பேப்பர் ஒட்டி, மேலே பட்டர் பேப்பர் வைத்து, பலகையால் மூடி, 5 கிலோ அரிசிப் பைகள் இரண்டை ஏற்றி இரண்டு நாள் விட்டேன். வளையவில்லை. பாரத்தை எடுத்த பிறகும் ஒரு வாரம் விசிறிக் காற்றில் காயவிட்டுத்தான் தண்ணீரில் கலக்கும் மங்கல் வார்னிஷ் மெல்லிதாக இரண்டு பூச்சு கொடுத்தேன். உள்ளே ஈரம் இருக்கும்போது மூடிவிட்டால் கொழும்புக் காலநிலைக்குப் பூஞ்சணம் நிச்சயம்.

ஈஸ்டருக்குப் பிறகு வந்த ஞாயிறு, வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதைச் சுருக்கமாகச் செய்ய வைத்தேன். பழைய தானியப் பெட்டி அட்டை, ஒட்டுக் குச்சி, பேப்பர் குவியல், அவ்வளவுதான். தூரிகைப் பசை பிள்ளைகளுக்கு வேண்டாம். தொடங்கும்முன் பிரான்சு ஓவியர் மத்தீஸைப் பற்றிச் சொன்னேன். வயதாகி நோயுற்று, நின்று வரைய முடியாத நிலையில், வண்ணம் பூசிய கடதாசியைக் கத்தரிக்கோலால் வெட்டி வெட்டியே வான்ஸ் என்ற ஊரின் சிற்றாலயத்துக்கு வண்ணக் கண்ணாடி யன்னல்களை வடிவமைத்தார், 1951இல் அந்த ஆலயம் அர்ப்பணம் செய்யப்பட்டது. வெட்டி ஒட்டுவது சின்னப் பிள்ளை வேலை என்று சொன்ன பெரிய பையன்கள் அதன் பிறகு பேசாமல் வெட்டினார்கள்.

ஒரு தம்பி முழு அட்டையிலும் ஒரே ஒரு பஸ்ஸை மட்டும் ஒட்டிவிட்டு முடிந்தது என்றான். இன்னும் இடமிருக்கிறதே என்று கேட்டேன். அப்பா பஸ் ஓட்டுகிறார், தான் நித்திரையான பிறகுதான் வருகிறார் என்றான். "இந்த பஸ்ஸில வேற ஒருத்தரும் இல்லை ரீச்சர். இது நேரா வீட்டுக்கு வருது." நான் வேறு எதையும் ஒட்டச் சொல்லவில்லை. அன்று வகுப்பு முடிவில் அந்த அட்டையை நடுவில் வைத்து எல்லோருமாக ஜெபித்தோம்.

என்னுடைய பலகை வரவேற்பறையில் இல்லை, சமையலறைக்குப் போகிற வழியில், வெயில் நேரே படாத சுவரில் இருக்கிறது. தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வரும்போது ஒவ்வொரு நாளும் கண்ணில் படும். ஆற்றின் ஓரத்தில் மாமாவின் கையெழுத்தில் 'குளிர்' என்ற சொல் வனாந்தரத்தைத் தொட்டபடி நிற்கிறது, நான் பார்த்து வைத்ததல்ல. வலது மேல் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். அங்கே எது வரும் என்று எனக்குத் தெரியாது. பென்சிலும் வாங்கியிருக்கிறேன், பி மற்றும் 2பி. முதலில் என் இடது கையை வரைந்து பார்க்கிறேன், பெருவிரல் இன்னும் சரி வரவில்லை.

தகரம் மேசைமேல்தான் இருக்கிறது. நேற்று பேப்பரை விரித்தபோது நடுப்பக்கத்தில் சதுரமாக ஓர் ஓட்டை. அம்மா எனக்கு முன்பே வெட்டி எடுத்திருக்கிறார். என்ன படம் என்று கேட்டதற்கு, "இப்ப பாக்கக் கூடாது எண்டு நீதானே சொன்னனீ" என்று தகரத்தை மூடி வைத்தார்.